ஊர் மூழ்கியபோது மணிமேகலை எங்கிருந்தாள்?

மணிமேகலையைப் பற்றித் தமிழில் இதுவரை எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நோக்கினால், அவற்றுள் பெரும்பகுதி அக்காப்பியத்தின் சமயத்தைப் பற்றியதாகவே இருக்கக் காண்கிறோம். 1898ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்து வெளியிட்ட நாள்தொட்டு இதுவே நிலை. இருபத்தேழாம் காதையில் தம் கொள்கையை எடுத்துரைக்கும் சமயவாதிகள் யாவர், இருபத்தொன்பதாம் காதையின் அளவையியல் எங்கிருந்து வந்தது, நூல் எழுந்த காலம் யாது என்பனவே அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1928இல் ஆங்கிலத்தில் எழுதியதும், மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' நூலில் எழுதியதும் அவ்வழிப்பட்டவையே. அவை வேண்டாதவை என்பது நம் கருத்தன்று. பௌத்தச் சொற்களின் பொருள் விளங்காமல் திகைத்த ஐயரவர்கள், கும்பகோணத்தில் மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்ததை அறிந்தவர்கள் அவ்வுழைப்பைக் குறைத்துப் பேசமாட்டார்கள். இந்தியரின் சமயங்களை அவர்தம் சொற்கொண்டே அறிய முயன்ற அல்பீரூனியைப் படித்தோர்க்கு அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். ஆயினும் அளவையியலுக்கும் சமயக் கணக்குக்கும் இடையில், இது ஒரு பெண் வளர்ந்த கதை என்ற செய்தி வகுப்பறைகளில் மறைந்தே போயிற்று.

1988இல் வெளிவந்த பாவுலா ரிச்மனின் ஆய்வு, காப்பியத்தின் பெண்களையும் கிளைக்கதைகளையும் முன்னிறுத்தி அம்மறைப்பை ஓரளவு விலக்கியது. நாம் இங்கே வேறொரு முனையிலிருந்து தொடங்க விழைகிறோம். மணிமேகலையில் இரண்டு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கணிகையர் குலத்துச் சிறுமி ஒருத்தி தன் வாழ்வைத் தானே தேர்ந்துகொள்ளும் பெண்ணாகிறாள். அவள் பிறந்த காவிரிப்பூம்பட்டினம் கடலுக்கு இரையாகிறது. முன்னதைத் துறவின் கணக்கிலும் பின்னதைச் சாபத்தின் கணக்கிலும் எழுதிவிட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதுபோல் நடந்துகொள்வது நம் உரையாளர்களின் வழக்கம். நம் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. அவை சந்திக்கும் இடத்திலேதான் சாத்தனாரின் மேதைமையும் அவருடைய பெருங்குறையும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

காப்பியம் பெண்ணோடு தொடங்கவில்லை. ஊருக்கு வரக்கூடிய கேட்டோடு தொடங்குகிறது. விழாவறை காதையில் யானையின் பிடரியில் முரசை ஏற்றி வள்ளுவன் அறைகிறான். இந்திர விழாவை இருபத்தெட்டு நாளும் குறைவின்றி நடத்த வேண்டும். தவறினால் நகரைக் காக்கும் பூதமே இடும்பை செய்யும் என்ற எச்சரிக்கை அப்பொழுதே நினைவூட்டப்படுகிறது. ஆக, வாசகர் மணிமேகலையின் முகத்தைக் காணுமுன்பே ஊரின் முடிவைப் பற்றிய அச்சத்தைக் கேட்டுவிடுகிறார். அடுத்த காதையில்தான் அவள் பெயர் அடிபடுகிறது. அதுவும் எப்படி? விழாவில் ஆட அவளும் அவள் தாய் மாதவியும் வரவில்லையே என்ற ஊர்ப்பேச்சாக. காப்பியத்தில் அவளைப் பற்றிய முதற்செய்தி, அவள் ஊர் நடுவே இல்லை என்பதுதான். இதனை நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

கண்ணகிக்கு அப்போது பன்னிரண்டு வயது என்று இளங்கோவடிகள் கணக்குச் சொல்கிறார். சாத்தனாரோ மணிமேகலைக்கு வயது குறிக்கவில்லை. ஆனால் எந்தப் பருவத்துப் பெண் என்பதில் எவர்க்கும் ஐயம் எழாது. தந்தை கொலையுண்ட கதையைக் கேட்டு அழுகிறாள். கண்ணீர் பட்டுக் கையிலிருந்த மாலை கெடுகிறது. புதுப்பூக் கொய்ய உவவனத்துக்கு அனுப்பப்படுகிறாள். அரசிளங்குமரன் உதயகுமரன் தேடி வர, பளிக்கறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். பாட்டி சித்திராபதி அவளை அரங்கில் ஏற்ற நினைக்கிறாள். தாய் தவத்துக்கு அனுப்ப நினைக்கிறாள். குமரன் தேரில் ஏற்ற நினைக்கிறான். அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்பார் இல்லை. அவள் மனமும் குமரனை வெறுத்துவிடவில்லை என்பதைச் சாத்தனார் மறைக்காமல் சொல்வது அவருடைய நேர்மை. இறுதியில் மணிமேகலா தெய்வமும் அவளைக் கேளாமலே, உறக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது.

எட்டாம் காதையில் அவள் விழிக்கும் காட்சியே இக்காப்பியத்தில் நாம் மிக உயர்வாக மதிப்பது. மணலும் அலையும் தவிர வேறில்லை. தோழி சுதமதியைத் தேடுகிறாள், பதில் இல்லை. மதுரையில் வெட்டுண்டு இறந்த தந்தையை விளித்து அரற்றுகிறாள். முதன்முறையாக அவளைச் சுற்றி அவளுக்காக முடிவெடுப்பவர் எவரும் இல்லை. அரபு மொழி பயிற்றும் நமக்கு இவ்விடத்தில் மர்யம் (அலை) அவர்களின் நினைவு வருவது இயல்பு. அவர்களும் இளம் பருவத்தில் தன்னந்தனியராய்த் தொலைவான ஓர் இடத்துக்கு ஒதுங்கினார்கள். வேதனையின் உச்சியில் பேரீச்ச மரத்தடியில் உணவு அருளப்பெற்றார்கள். ஆயின் அவர்களுக்கு வந்த கனி அவர்களுடைய பசிக்கு. மணிமேகலைக்குக் கோமுகிப் பொய்கையில் கிட்டிய அமுதசுரபியோ ஊரார் பசிக்கு. ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது முறையன்று.

பாத்திரத்தோடு ஊர் திரும்பியவள் வேறு பெண். ஆதிரை இட்ட முதற்பிச்சையோடு தொடங்கி, உலக அறவி என்னும் அம்பலத்தில் திரண்ட பசித்தோர்க்கெல்லாம் சோறு வழங்குகிறாள். அரசனிடம் நேரே பேசிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்கிறாள். உதயகுமரன் கொலையுண்டதும் அவளே சிறைப்படுகிறாள். தன்னைத் துன்புறுத்திய அரசிக்கே ஆறுதல் சொல்லி வெளியே வருகிறாள். இவை நன்கறியப்பட்டவை, விரிக்க வேண்டியதில்லை.

இனி ஊருக்கு வருவோம். ஊர் மூழ்கியதன் காரணத்தைச் சாத்தனார் மிகக் கூர்மையாக அமைத்துள்ளார். சோழன் நெடுமுடிக்கிள்ளி, உதயகுமரன் வெட்டுண்டபோது, தான் செய்ய வேண்டிய தண்டனையைக் காஞ்சனன் செய்துவிட்டான் என்று சொல்லி நிமிர்ந்து நின்றவன். அதே மன்னன், நாகநாட்டு இளவரசி பீலிவளை பெற்ற தன் கைக்குழந்தை மரக்கலம் கவிழ்ந்து காணாமற்போனபோது உடைந்துபோகிறான்; தேடித் திரிகிறான்; விழாவை மறக்கிறான். ஒரு மகன் சாவில் அரசனாக இருந்தவன், மறு மகன் இழப்பில் தகப்பனாக மட்டும் ஆகிவிட்டான். அவன்மீது இரக்கமே தோன்றுகிறது. எனினும் கடல் அவன் அரண்மனையை மட்டும் கொள்ளவில்லை. திருக்குர்ஆன் கூறும் ஸபஉ நாட்டார் வரலாற்றில் அணைவெள்ளம் வந்தது அம்மக்களே நன்றி கொன்று புறக்கணித்தமையால். அவர்தம் தோட்டங்கள் கசப்புக் கனி தரும் புதர்களாயின, அவர்களும் பிற்காலத்தார் பேசும் கதையாயினர். புகாரிலோ ஒருவன் மறந்தான், ஊர் முழுதும் விலை கொடுத்தது. விழாவுக்காகச் சினக்கும் தெய்வத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஆள்வோனின் மறதிக்கு ஆளப்படுவோர் மூழ்குவது நம்பிக்கையைப் பொறுத்த செய்தி அன்று.

அடுத்து, சாபமிட்டது யார்? மணிமேகலா தெய்வமே. கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து காத்த குலதெய்வம் அது. அந்நன்றி மறவாமல்தான் கோவலன் தன் மகளுக்கு அதன் பெயரை இட்டான். குமரனிடமிருந்து சிறுமியைக் காத்ததும் அதுவே. அவளுடைய ஊரை அலைக்குக் கொடுத்ததும் அதுவே. அவள் தன் ஊரை அழித்த சக்தியின் பெயரைச் சுமந்துகொண்டு வாழ வேண்டியவளாகிறாள். உரைகளில் இதைப் பற்றி ஒரு வரி விளக்கம் தேடினோம்; கிட்டவில்லை.

சென்னை கே.கே. நகரில் கிழமைதோறும் கூடும் சிறிய வாசிப்பு வட்டம் ஒன்றில், ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் ஔவை துரைசாமிப் பிள்ளையும் எழுதிய உரையை வைத்துக்கொண்டு இந்நூலைப் படித்து வந்தோம். வருவோரில் பெண்களே மிகுதி, பல சமயத்தார். காக்கும் தெய்வமே மூழ்கடித்த இடம் வந்தபோது அவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. 'செம்பரம்பாக்கம்' என்றார் ஒருவர். அவ்வளவுதான். ஆண்டு முழுதும் எந்த ஏரியின் நீர்மட்டத்தை நாளேட்டில் பார்த்து நிம்மதியடைகிறார்களோ, அந்த ஏரியிலிருந்துதான் 2015 டிசம்பர் முதல் நாள் இரவு நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அதற்கு முந்திய நவம்பரில் மட்டும் நகரில் 1,049 மில்லிமீட்டர் மழை; 1918க்குப் பின் அவ்வளவு பெய்த நவம்பர் இல்லை. ஆறு கரை கடந்து ஜாபர்கான்பேட்டையையும் எம்.ஜி.ஆர். நகரையும் கொண்டு, கே.கே. நகர், அசோக் நகர்த் தெருக்களுக்குள் ஏறிற்று. மறுநாள் 'தி இந்து' நாளேடு அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அப்படியொரு நாள் அதுவே முதன்முறை என்றனர். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, இதனை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. முரசறைந்தவனும் மறந்தவனும் இங்கும் இருந்தார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்து செல்கிறோம்.

வட்டத்தில் ஒரு பெண், அன்று ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர். தரைத்தள வீட்டில் நீர் ஏற, மாடி வீட்டார் அழைத்து அமர்த்திக்கொண்டனர். மூன்றாம் நாளிலிருந்து, பள்ளிவாசலில் சமைத்த சோற்றுப் பொட்டலங்களை எம்.ஜி.ஆர். நகர்ச் சந்துகளுக்குக் கொண்டுசென்றவர்களோடு அவரும் சென்றார். அதுவரை தனியே தெருமுனை தாண்ட விடாத வீட்டார் அன்று தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்ற நினைவே எவர்க்கும் வரவில்லை. அதன் பின் அவரைச் சிறுமி என்று வீட்டில் யாரும் நடத்தவில்லையாம். இருபத்தைந்தாம் காதையை முடித்த அன்று அவர் கேட்டார்: "தண்ணி ஏறினப்ப நாங்க ஊர்லதான் இருந்தோம், ஹஜ்ரத். ஊரே மூழ்குறப்ப மணிமேகலை எங்க இருந்தா?"

இக்கட்டுரை அக்கேள்வியிலிருந்து பிறந்ததே.

அவள் ஊரில் இல்லை. ஆபுத்திரனின் மறுபிறப்பாகிய புண்ணியராசனைக் காணச் சாவக நாடு சென்று, அவனோடு மணிபல்லவத்துக்கு மீண்டிருந்தாள். அங்கே தீவதிலகை வந்து சொல்லித்தான் ஊர் கடலில் மூழ்கிய செய்தி அவளுக்குத் தெரிகிறது. பெருங்காப்பியத்தின் பேரழிவு, ஒரு தூது மொழியாக, சில அடிகளில் முடிந்துவிடுகிறது. அலை எழுந்ததைக் கவிஞர் நமக்குக் காட்டவே இல்லை. இவ்விடத்தில் அரபுக் கவிதையை அறிந்தவர்கள் வியப்படைவர். அங்கே அழிந்த நகரைப் பாடுவதற்கென்றே 'ரிஸாவுல் முதுன்' எனத் தனித்துறை உண்டு. 871இல் பஸ்றா சூறையாடப்பட்டபோது இப்னுர் ரூமி புலம்பினார். அந்தலூஸின் நகரங்கள் ஒவ்வொன்றாய் வீழ்ந்தபோது அர்ருந்தி புலம்பினார். அதற்கும் முன்னே, காதலியின் கூட்டத்தார் பெயர்ந்துபோன பாசறைத் தடங்களின் முன் ஒட்டகத்தை நிறுத்தி அழுவது அறியாமைக் காலக் கவிஞரின் மரபு. மணிமேகலையோ நிற்கவில்லை. நீண்ட புலம்பல் ஒன்றும் அவள் வாயில் வைக்கப்படவில்லை. எட்டாம் காதையில், அதே தீவில், தோழியைக் காணாமல் அரற்றிய பெண் இவள், இப்போது ஊரையே காணாமல் நிற்கிறாள், அரற்றவில்லை.

அப்படியானால் என்ன செய்கிறாள்? தன் முற்பிறப்பின் எலும்புகளைக் கண்டு கலங்கிய புண்ணியராசனைத் தேற்றுகிறாள். அவனை நாடாளத் திருப்பி அனுப்பும்போது, அறம் எது என்று கேட்டால் எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறைவிடமும் தருவதே, அதனின் வேறில்லை என்ற கருத்தைச் சொல்கிறாள். இந்த அடிகள் தமிழகத்தில் மேடைதோறும் ஒலித்தவை. பள்ளிப் பாடங்களிலும் உண்டு. ஆனால் எவ்விடத்தில், எந்நிலையில் சொல்லப்பட்டவை என்று எவரும் சேர்த்துச் சொல்லக் கேட்டதில்லை. தன் ஊர் கடலில் போயிற்று என்ற செய்தி காதில் விழுந்த அதே காதையில், அரசன் ஒருவனை நோக்கி, வீடிழந்த பெண் சொன்ன சொற்கள் அவை. உணவு, உடை, உறைவிடம் என்ற மூன்றும் வெள்ளம் கொண்டுபோகும் மூன்றே அல்லவா? கே.கே. நகரில் நாம் கண்ட டிசம்பர் வாரத்தில் மக்கள் கேட்டவையும் இவையே: சோறு, மாற்றுத் துணி, இரவு படுக்க ஓர் ஈரமற்ற இடம். அவளுடைய புலம்பல் இதுதான் என்று நாம் கருதுகிறோம். கண்ணீராக வந்திருக்க வேண்டியது அரச நீதியாக வெளிப்பட்டிருக்கிறது. அதனைப் பௌத்த அறவுரை என்று வகைப்படுத்திவிட்டு மேலே செல்லும் திறனாய்வு, அவ்வடிகளின் உயிர்நிலையைத் தொடவில்லை.

காதைகளின் வரிசையைக் கவனிப்போர்க்கு இன்னொன்றும் தெளிவாகும். ஊர் மூழ்கிய செய்தியை அடுத்து, இருபத்தாறாம் காதையில், அவள் வஞ்சிக்குச் சென்று கண்ணகியின் கோயிலில் நிற்கிறாள். மணிமேகலை கண்ணகியின் மகள் என்று மாதவி தொடக்கத்திலேயே அறிவித்திருந்தாள். அந்தக் கண்ணகி இப்போது மகளிடம் பேசுகிறாள். மதுராபதி முன்வினையை எடுத்துரைத்த பின்னும் தன் சினம் அடங்கவில்லை என்றும், மதுரையை எரித்த அவ்வினை தன்னை விடாது என்றும் சொல்கிறாள். சிலப்பதிகாரத்தை வீரகாவியமாக மட்டும் கொண்டாடுவோர் இப்பகுதியை அதிகம் பேசுவதில்லை. காரணம் வெளிப்படை. ஓர் ஊரைக் கடலுக்குக் கொடுத்தது அவள் பெயருக்குரிய தெய்வம். ஓர் ஊரை நெருப்புக்குக் கொடுத்தது அவள் தாய். இருவர்க்கும் நடுவே நிற்கும் பெண்ணிடம் அழிக்கும் ஆற்றல் ஒன்றும் இல்லை, கையில் ஒரு சோற்றுப் பாத்திரமே உண்டு. பருவம் எய்திய பெண்ணை ஊர்கள் எரிந்தும் மூழ்கியும் போன வழியில் நடத்திச் சென்று, இரு பெரும் சினங்களையும் அவளுக்குக் காட்டி, இரண்டையும் அவள் பின்பற்றாமல் விடுவதாகக் கதையை அமைத்தது சாதாரணக் கவிஞரால் இயலாதது. பின்னர் மழையின்றி வாடிய காஞ்சிக்குச் சென்று, கண் தெரியாதோர், காது கேளாதோர், கால் முடமானோர், பேச இயலாதோர் என்று எண்ணி எண்ணி அவள் சோறிடுகிறாள். தன் ஊரில் செய்ய முடியாமற்போனதை அடுத்த ஊரில் செய்கிறாள்.

இதுவரை பாராட்டு. இனி, அக்கேள்வி கேட்ட பெண்ணுக்கு நாம் செலுத்த வேண்டிய மறுபாதிக் கடன்.

தீவதிலகை ஊரின் முடிவைச் சொல்லும்போது, தப்பியவர்களின் பெயரையும் சொல்கிறாள்: அறவண அடிகள், மாதவி, சுதமதி. மூவரும் வஞ்சிக்குச் சென்று சேர்ந்துவிட்டனர். நல்லது. ஆனால் உலக அறவியில் நாள்தோறும் அமுதசுரபியின் முன் கையேந்தியவர்கள் என்னவாயினர்? சிறைக்கோட்டத்திலிருந்து அறக்கோட்டமான அந்தக் கட்டடத்தில் உண்டு உறங்கியவர்கள் எங்கே? முதற்பிச்சை இட்ட ஆதிரையின் கதி யாது? காஞ்சியின் பசித்தோரை உறுப்புக் குறையோடு வகைப்படுத்திக் காட்டிய கவிஞர், புகாரில் மூழ்கியவர் ஒருவரையும் காட்டவில்லை. மணிமேகலையும் கேட்கவில்லை. துறவிக்குப் பற்று ஆகாது என்ற சமாதானம் இங்கே செல்லாது. தாயும் தோழியும் தப்பிய செய்தியைக் கவிஞர் அக்கறையோடு சேர்த்திருக்கிறார் அல்லவா? குடும்பத்துக்கு ஒரு கணக்கும் ஏழைகளுக்கு ஒரு கணக்கும் வைத்தமை அவருடைய அறத்தின்படியே குறைதான்.

இக்குறை பழங்காலத்தோடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. 2015க்குப் பின் அடையாற்றங்கரைக் குடிசைகளில் இருந்தோர் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கும் ஒக்கியம் துரைப்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டனர். சில குடும்பங்கள் படிப்பாண்டின் நடுவே பெயர்க்கப்பட்டதை அந்நாளைய நாளேடுகளில் படித்தோம். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் படித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளுக்கு அது எதனைக் குறித்திருக்கும் என்பதைப் பெண் மக்களைப் பெற்றோர் அறிவர். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அதற்கும் முன்பே அமைந்த மறுகுடியமர்வுப் பகுதியின் பெயர் கண்ணகி நகர். பெயர் வைத்தோர் எதை எண்ணி வைத்தனரோ! நம் வட்டத்தில் சோற்றுப் பொட்டலம் கொண்டுசென்ற பெண், தாம் பொட்டலம் கொடுத்த சந்துகளில் ஒன்றில் தம்மோடு படித்த தோழி இருந்ததாகவும், அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை என்றும் சொன்னார். எங்கே சென்றாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

சாத்தனார்க்காக வாதாடியவர் ஒருவரும் அன்று இருந்தார், தமிழாசிரியை. தூது சொல்பவள் கேட்பவளுக்கு வேண்டியவர்களின் செய்தியைத்தான் முதலில் சொல்வாள், அது உலக இயல்பு, அதைக் கவிஞரின் குறையாகக் கொள்ளலாகாது என்றார். நுட்பமான வாதம். தூது சொன்னவளைப் பொறுத்த அளவில் நாமும் ஏற்கிறோம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவள் மணிமேகலை. உலக அறவியில் உண்டவர்கள் அவளுக்கு வேண்டாதவர்கள் என்று அவ்வம்மையார் சொல்லமாட்டார். விவாதம் முடியவில்லை. மறுகிழமை இருபத்தாறாம் காதைக்கு வந்தவர்களில் பாதிப்பேர், முந்தைய காதையின் பக்கத்தையே திறந்து வைத்திருந்தனர்.